சொக்சோ பணம் தீருமுன் 1,700 ரிங்கிட் வேலை வந்தால்: கேமரன் மலைக் குடும்பங்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

கேமரன் மலையில் வேலை போனவரிடம் அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி, “அடுத்து எங்கே?” என்பதுதான். பிரிஞ்சாங்கில் தங்குவிடுதிகள், கீ ஃபார்மில் கடைகள், கம்போங் ராஜா பக்கம் காய்கறித் தோட்டங்கள், ஹாபுவிலும் சுங்கை பாலாஸிலும் தேயிலை என்று ஆள் கேட்கும் இடங்கள் இல்லாமல் இல்லை. சிக்கல் சம்பளத்தில் இருக்கிறது. 2,400 ரிங்கிட் வாங்கிக்கொண்டிருந்தவரை 1,700 ரிங்கிட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். அதே நேரத்தில் சொக்சோவிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை வங்கிக் கணக்கில் விழுந்துகொண்டிருந்தால், “இப்போதே எதற்கு? கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே” என்று தோன்றுவது இயல்பு.

அப்படித் தோன்றுவதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. சில மாதங்களில் பொறுத்திருப்பதுதான் சரியான கணக்கு. ஆனால் எந்த மாதம் வரை என்பது பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை.

சொக்சோ தருவது என்ன?

இந்நாட்டில் வேலை இழந்தவருக்கென்று சட்டப்படி ஓர் உதவித்தொகை வந்ததே அண்மையில்தான். சொக்சோ சட்டம் 1969ஆம் ஆண்டினது. வேலையிட விபத்துக்கும் உடல் தகுதி இழப்புக்கும் அதில் வழி இருந்தது, வேலை இழப்புக்கு இல்லை. 2017இல் நிறைவேறிய வேலை காப்புறுதித் திட்டச் சட்டம் 2018 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த பிறகே அந்த இடைவெளி அடைபட்டது. சம்பளத்தில் தொழிலாளி 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு செலுத்துகிறார்கள். சம்பளச் சீட்டில் மூன்று, நான்கு வெள்ளியாக யார் கண்ணிலும் படாமல் போகும் பிடித்தம் இது.

வேலை போனால், முதல் முறை கோருபவர் அதற்கு முந்தைய 24 மாதங்களில் குறைந்தது 12 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும். கட்டிய சந்தாவைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மாதம் வரை வேலை தேடும் அலவன்ஸ் கிடைக்கும். முதல் மாதம் பழைய சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30. அதன் பிறகு எதுவும் இல்லை. வாங்கும் காலம் முழுவதும் வேலை தேடியதற்கான சான்றையும் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தத் திட்டம் ஒரு படிக்கட்டுபோல இறங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. கோவிட் காலத்தில்தான் அதைச் சற்று நீட்டினார்கள். நாட்டின் வேலையின்மை விகிதம் 2020 மே மாதம் 5.3 விழுக்காட்டைத் தொட்டது. அடுத்த ஆண்டில் வேலை இழந்தவர்களுக்குக் கூடுதலாக மூன்று மாதம் அலவன்ஸ் தரப்பட்டது. சுற்றுப்பயணிகளையே நம்பியிருந்த தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் அப்போது அது பெரிய ஆறுதல். இன்றைக்கு அந்த நீட்டிப்பு கிடையாது.

இத்துடன் பலரும் கோராமலே விட்டுவிடும் இன்னொரு தொகை உண்டு. அலவன்ஸ் காலம் முடியுமுன் வேலையில் சேர்பவருக்கு, வாங்காமல் மீதமிருக்கும் தொகையில் 25 விழுக்காட்டை ஒரே தவணையாகத் தருகிறார்கள். விரைவில் மறுவேலையில் சேர்ந்ததற்கான அலவன்ஸ் என்பது அதன் பொருள். “வேலைக்குப் போய்விட்டால் சொக்சோ பணம் அத்தனையும் போச்சு” என்ற பேச்சு அதனால்தான் முழு உண்மை அல்ல.

மாதம் 40 ரிங்கிட்டா?

தங்குவிடுதியில் 2,400 ரிங்கிட் வாங்கிய ஒருவர் ஆட்குறைப்பில் வேலை இழந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாத அலவன்ஸுக்குத் தகுதி பெற்றவர். அவருக்கு முதல் மாதம் ஏறத்தாழ 1,920 ரிங்கிட் வரும். அடுத்த மாதம் 1,200. பிறகு 960, 960, 720, 720. மொத்தம் 6,480 ரிங்கிட்.

அவரைத் தேடி வரும் வேலைக்குச் சம்பளம் 1,700. இபிஎஃப் பிடித்தம் 187 ரிங்கிட், சொக்சோவும் வேலை காப்புறுதியும் சேர்ந்து பன்னிரண்டு ரிங்கிட் அளவில். கையில் ஏறத்தாழ 1,500 நிற்கும்.

முதல் மாதத்தில் வீட்டில் இருந்தால் 1,920, வேலைக்குப் போனால் 1,500. அந்த மாதத்தில் பழைய சம்பளத்துக்கு நெருங்கிய வேலையை மும்முரமாகத் தேடுவதில் தவறே இல்லை. அலவன்ஸ் கொடுக்கப்படுவதே அதற்குத்தான். இரண்டாம் மாதம் தராசு மறுபக்கம் சாய்கிறது: 1,200க்கு எதிராக 1,500.

மூன்றாம் மாதம் இன்னும் தெளிவாக இருக்க வேண்டும், 960க்கு எதிராக 1,500. ஆனால் வீடு ரிங்லெட்டில், வேலை பிரிஞ்சாங்கில் என்றால் மலைப்பாதையில் தினமும் மோட்டார் சைக்கிள். பெட்ரோலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் 200 ரிங்கிட் என்று வையுங்கள். சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு 300. மிச்சம் 1,000. சும்மா இருந்தால் வரும் 960உடன் ஒப்பிட்டால், மாதம் முழுவதும் காலைப் பனியில் கிளம்பி உழைப்பதற்குக் கிடைக்கும் லாபம் 40 ரிங்கிட்.

இந்த 40 ரிங்கிட்தான் பலரை வீட்டிலேயே உட்கார வைக்கிறது. மனைவி கேட்கிறார், மாமியார் கேட்கிறார்: “நாப்பது வெள்ளிக்காப்பா இந்தப் பாடு?” கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கு பாதியில் நின்றுவிட்டது.

முதலில், இரண்டாம் மாத இறுதியில் அவர் வேலையில் சேர்ந்தால் மீதமிருந்த நான்கு மாத அலவன்ஸ் 3,360 ரிங்கிட். அதில் கால் பங்கு, அதாவது 840 ரிங்கிட் மொத்தமாக வரும். நான்கு மாதச் சம்பளம் கையில் 6,000. செலவுகளுக்கு 2,000 கழித்தாலும் 840ஐச் சேர்த்தால் 4,840 நிற்கிறது. வீட்டில் இருந்திருந்தால் 3,360. வித்தியாசம் 40 அல்ல, நான்கு மாதத்தில் 1,480.

அடுத்து, சம்பளச் சீட்டில் “போய்விட்டது” என்று நினைக்கும் 187 ரிங்கிட் எங்கும் போகவில்லை. முதலாளியின் 13 விழுக்காடு, 221 ரிங்கிட், அதனுடன் சேர்கிறது. மாதம் 408 ரிங்கிட் அவர் பெயரில் ஏறுகிறது. அலவன்ஸ் காலத்தில் அந்தக் கணக்கில் மாதச் சந்தா என்று ஒரு காசும் விழாது.

மூன்றாவதாக வருவதைப் பற்றிக் குடும்பங்களில் யாரும் பேசுவதில்லை.

24 மாதம், 40 மாதம்

சொக்சோவில் உடல் தகுதி இழப்புப் பென்ஷன் என்று ஒன்று உண்டு. பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற நோயால் 60 வயதுக்குள் ஒருவர் சம்பாதிக்க முடியாமல் போனால் மாதப் பென்ஷன் கிடைக்கும். அவர் இறந்துவிட்டால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிழைத்திருப்போர் பென்ஷன். விபத்து வேலையிடத்தில்தான் நடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இதில் கிடையாது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வீட்டுக்கு ஒருவரிடமாவது இருக்கும் நம் சமூகத்தில் இதன் மதிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முழுப் பென்ஷனுக்கான தகுதியை இரண்டு வழிகளில் பார்க்கிறார்கள். கடைசி 40 மாதங்களில் குறைந்தது 24 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும். அது இல்லையென்றால், சந்தா கட்டத் தொடங்கிய நாள் முதல் கழிந்த மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கட்டியிருக்க வேண்டும், அது 24 மாதத்துக்குக் குறையவும் கூடாது. மூன்றில் ஒரு பங்கு மட்டும் இருந்தால் குறைந்த விகிதப் பென்ஷன்.

விடாமல் வேலை செய்துகொண்டிருந்தவர் 16 மாதம் சும்மா இருந்தால் அந்த 40 மாதக் கணக்கில் அவருக்கு மிஞ்சுவது சரியாக 24. பதினேழாவது மாதம் அந்த வாசல் மூடுகிறது. இருபது ஆண்டு தொடர்ந்து சந்தா கட்டியவருக்கு இரண்டாம் வாசல் திறந்தே இருக்கும். இடையிடையே காய்கறித் தோட்டத்தில் கைக்காசு வேலை, சில மாதம் சிங்கப்பூர், சில மாதம் சும்மா என்று ஓடிய நாற்பது வயதுக்காரருக்கு அதுவும் சந்தேகம்தான். அவருடைய 1,700 ரிங்கிட் வேலையில் சொக்சோ பிடித்தம் இருந்தால், அந்த எட்டு வெள்ளி சில்லறையின் பின்னால் மனைவியின் மாதப் பென்ஷன் நிற்கிறது.

ஆகவே வேலையை எடை போடும்போது சம்பளத் தொகைக்கு முன்பே கேட்க வேண்டியது, “இபிஎஃப், சொக்சோ கட்டுவீர்களா?” என்பதுதான். 2,000 ரிங்கிட் கைக்காசு தருகிறேன், பிடித்தம் எதுவும் கிடையாது என்று ஒரு முதலாளி சொன்னால், 1,700 ரிங்கிட்டில் பிடித்தத்தோடு கொடுப்பவரைவிட அவர் 300 ரிங்கிட் கூடுதலாகத் தருவதாகத் தோன்றும். இபிஎஃப்பில் மட்டும் முதலாளி பங்கு 221 ரிங்கிட் போகிறது. வேலை காப்புறுதிச் சந்தாவும் இல்லாததால், அங்கிருந்து நிறுத்தப்பட்டால் அடுத்த முறை அலவன்ஸ் கோரவும் வழியில்லை. கழுத்தில் விழும் சுமையைக் கணக்கில் சேர்த்தால் அந்த 2,000தான் குறைந்த சம்பளம்.

வேலையை விட்டு வீட்டோடு தங்கிவிட்ட பெண்களுக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இல்லத்தரசிகளுக்கான சொக்சோ திட்டம் இருக்கிறது; ஆண்டுக்கு 120 ரிங்கிட். 55 வயதுக்குள் இருப்பவர்கள் சேரலாம்.

ஆறு மாதத்துக்குப் பிறகு யார் கொடுப்பது?

மேலை நாடுகளில் ஆண்டுக்கணக்கில் அரசு உதவியில் இருப்பவர்களைப் பற்றிப் படிக்கிறோம். மலேசியாவில் அப்படிப்பட்டவர் மிகக் குறைவு. வேலை செய்யக்கூடிய உடலோடு இருப்பவருக்கு ஆறு மாதத்துக்கு மேல் தரும் வேலையின்மைத் தொகையே இங்கு இல்லை. எஸ்டிஆர் எனப்படும் ரஹ்மா ரொக்க உதவி குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவது, வேலை இருக்கிறதா இல்லையா என்று பார்த்து அல்ல. வேலைக்குப் போனால் எஸ்டிஆர் நின்றுவிடும் என்ற அச்சம் தோட்டங்களில் பரவலாக இருக்கிறது. மாத வருமானம் 2,500 ரிங்கிட்டுக்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு விகிதம், 2,501 முதல் 5,000 வரை அதைவிடக் குறைந்த விகிதம். ஒருவர் மட்டும் 1,700 சம்பாதிக்கும் வீட்டில் எதுவும் மாறாது. கணவன், மனைவி இருவரும் 1,700 என்றால் 3,400 ஆகி அடுத்த படிக்கு இறங்கும், உதவி குறையும், நிற்காது.

அப்படியானால் ஓராண்டு, ஈராண்டு வேலையின்றி இருப்பவர்களை யார் தாங்குகிறார்கள்? பெரும்பாலும் இரண்டே வழி. ஒன்று, இன்னமும் தேயிலைக்கோ தொழிற்சாலைக்கோ போய்வரும் அம்மாவின், அப்பாவின் சம்பளம். மற்றது, சொந்த இபிஎஃப். கோவிட் காலத்தில் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, சிறப்பு மீட்பு என்ற நான்கு வாய்ப்புகளில் மலேசியர்கள் மொத்தம் ஏறத்தாழ 14,500 கோடி ரிங்கிட்டை எடுத்தார்கள். 2024 மே மாதம் முதல் நெகிழ்வுக் கணக்கு என்று மூன்றாவது கணக்கும் வந்துவிட்டது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பசிக்கு எடுத்தவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அது அரசு கொடுத்த உதவி அல்ல. அறுபது வயதில் சாப்பிட வேண்டியதை நாற்பது வயதில் சாப்பிடுவது.

1930களின் மந்தநிலையில் மலாயாத் தோட்டத் தமிழர்களுக்கு இந்த வழிகள்கூட இருக்கவில்லை. ரப்பர் விலை சரிந்தபோது சம்பளத்தைக் குறைத்தார்கள். வேலை இல்லாமல் போனவர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். குறைத்த கூலியா, கப்பலா என்பதே கேள்வி. கேமரன் மலையில் தேயிலை வேர்விட்டதும் அதே ஆண்டுகளில்தான்: போ தோட்டம் 1929இல், பாரத் தோட்டம் 1933இல்.

அதே காலத்தில், வெகு தொலைவில், ஆஸ்திரியாவின் மரியந்தால் என்ற சிற்றூரில் நடந்தது தோட்டப்புறத்தாருக்கு எளிதில் புரியும். ஊர் முழுவதும் ஒரே நெசவாலையை நம்பியிருந்தது. ஆலை மூடியதும் ஏறத்தாழ ஊரே உதவித்தொகைக்கு வந்தது. மேரி யஹோடாவும் அவருடைய சகாக்களும் அங்கே போய் ஆராய்ந்து 1933இல் நூலாக வெளியிட்டார்கள். நேரம் நிறைய இருந்தும் மக்கள் குறைவாகப் படித்தார்கள். தொழிலாளர் நூலகத்தில் எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்தது. அங்கிருந்த விதியும் கொடுமையானது: ஹார்மோனிகா வாசித்துச் சில்லறை வாங்கிய ஒருவரின் உதவித்தொகையை நிறுத்தினார்கள். விறகுக்காக மரம் வெட்ட உதவியவருக்கும் அதே கதி.

மலேசியச் சட்டமும் இந்த இடத்தில் கண்டிப்பானதுதான். வேலை தேடும் அலவன்ஸை வாங்கிக்கொண்டே வேலை செய்து அதை மறைப்பது குற்றம். “சும்மா வார இறுதியில் ஸ்ட்ராபெரி கடையில் நின்றேன்” என்றாலும் அதைச் சொக்சோவிடம் தெரிவித்துவிடுவது நல்லது.

காலம் நீள நீள வேலை கிடைப்பது கடினமாகும் என்பதற்கு அனுபவம் மட்டும் சாட்சி அல்ல. அமெரிக்காவில் பொருளியலாளர்கள் மூவர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி ஒரே மாதிரியாக இருக்க, வேலையின்றி இருந்த காலத்தை மட்டும் மாற்றிக் கற்பனை விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வேலையில்லாக் காலம் கூடக்கூட நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு குறைந்தது. முதல் எட்டு மாதங்களில்தான் அந்தச் சரிவு மிகுதி. அலவன்ஸ் தீர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர் இந்தச் சரிவின் பெரும்பகுதியைக் கடந்த பிறகுதான் களத்தில் இறங்குகிறார்.

மானப் பிரச்சினை

பணக் கணக்கு மட்டுமே இருந்தால் இதை ஒரு மாலையில் பேசி முடித்துவிடலாம். கேமரன் மலையில் இதற்கு ஒரு கூடுதல் முள் இருக்கிறது. தேயிலையிலும் காய்கறித் தோட்டங்களிலும் இன்று பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களே வேலை செய்கிறார்கள். “அது வெளிநாட்டுக்காரங்க வேலை” என்று ஊரில் ஒரு முத்திரை விழுந்துவிட்டது. கொழுந்து எடுத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்க்கு, டிப்ளோமா வாங்கிய மகன் தேயிலைத் தொழிற்சாலைக்கே திரும்பி வருவது தன் உழைப்பு வீணானதுபோல் தெரிகிறது. “இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?” என்று அவர் கேட்கும்போது மகனிடம் பதில் இருக்காது.

அந்த வருத்தத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்க முடியாது. ஒரு தலைமுறை லயத்தை விட்டு வெளியேறப் பட்ட பாடு அதில் இருக்கிறது. ஆனால் தாயின் காலத்துக் கொழுந்துக் கூலிக்கும் இன்றைய சட்டக் கூலிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று தீபகற்ப மலேசியாவில் 2013இல் 900 ரிங்கிட்டாகத்தான் தொடங்கியது. 2022 மே மாதம் 1,500 ஆனது. 2025 பிப்ரவரியிலிருந்து 1,700. ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அவ்வாண்டு ஆகஸ்டிலிருந்து. கிலோ கணக்கிலோ வேலை அளவிலோ கூலி வாங்குபவருக்கும் இது பொருந்தும். மழையால் கொழுந்து குறைந்தது என்பதற்காக மாதக் கூலி 1,700க்குக் கீழே போகக் கூடாது. வாரம் ஆறு நாள் வேலை செய்யும் நாள்கூலிக்காரருக்கு இது நாளுக்கு 65 ரிங்கிட் 38 சென்.

அதற்குக் கீழே கொடுப்பவர் தருவது “குறைந்த சம்பள வேலை” ஆகாது, சட்ட மீறல். ஒரு தொழிலாளிக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. 1,300, 1,400 என்று பேசப்படும் வேலைகளை ஏற்பதா வேண்டாமா என்று யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்க வேண்டிய விஷயம் அது.

தோட்ட வீடு

சம்பளச் சீட்டில் எழுதப்படாத ஒன்று தோட்ட வேலையில் இருக்கிறது, வீடு. அப்பாவின் பெயரில் கிடைத்த வீட்டில் அண்ணன், தம்பி, பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை இருக்கும். அப்பா ஓய்வு பெற்றால் வீடு என்னவாகும் என்ற கேள்வி எழுகிறது. வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே குடும்பத்தில் ஒருவர் 1,700 ரிங்கிட்டுக்குத் தோட்டத்தில் சேர்வதும் உண்டு.

இதைத் தியாகம் என்று பேசுவதைவிடக் கணக்கில் சேர்ப்பது நல்லது. தானா ராத்தாவில் வாடகைக்கு இருந்துகொண்டு 2,100 ரிங்கிட் சம்பாதிப்பதும், தோட்ட வீட்டில் இருந்துகொண்டு 1,700 சம்பாதிப்பதும் மாதக் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கலாம்; சில வீடுகளில் இரண்டாவதே மேல். முதலாளி வீட்டின் மதிப்பையும் சம்பளத்தில் ஒரு பகுதியாகக் காட்டி 1,700ஐ எட்டிவிட்டதாகச் சொல்ல முடியாது. வேலைச் சட்டத்தின்படி தங்குமிடம், விளக்கு, தண்ணீர் ஆகியவை சம்பளமாகக் கணக்கில் வராது.

ஆனால் வேலையோடு கட்டப்பட்ட வீடு, வேலையோடு போகவும் கூடியது. ஓய்வு வயதை நெருங்கும் பெற்றோருள்ள குடும்பங்கள் நிர்வாகத்திடம் இதை எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது, தேநீர்க்கடைப் பேச்சை நம்புவதைவிடப் பாதுகாப்பானது.

எப்போது மறுக்கலாம்?

எந்த 1,700 ரிங்கிட் வேலையையும் ஏற்றுக்கொள் என்று யாருக்கும் அறிவுரை சொல்ல முடியாது. அலவன்ஸின் முதல் மாதத்தில், பழைய அனுபவத்துக்கு ஏற்ற வேலைக்கு உண்மையாகவே விண்ணப்பித்துக்கொண்டிருப்பவர் சற்றுக் காத்திருக்கலாம். சொக்சோ அங்கீகரித்த பயிற்சிக்கு இடம் கிடைத்தவருக்கும் அது பொருந்தும். பயிற்சிக் கட்டணமும் ஒரு படியும் திட்டத்திலேயே உண்டு. மூட்டுவலிக்காரருக்கு மலைச்சரிவில் சுமை தூக்கும் வேலை வந்தால் அதை மறுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குழந்தையைப் பார்க்க ஆளில்லாத தாய்க்குக் கணக்கு முற்றிலும் வேறு.

ஏற்பவரும் ஒன்றைத் தெரிந்து ஏற்க வேண்டும். 1,700 வாங்கும் வேலை மறுபடியும் போனால் அடுத்த அலவன்ஸ் 1,700ஐ அடிப்படையாகக் கொண்டுதான் கணக்கிடப்படும், 2,400ஐ அல்ல. புதிய சந்தாத் தகுதியும் சேர வேண்டும். அதனால் சேர்ந்த பிறகும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் தங்கள் விவரத்தை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. குறைந்த சம்பளத்தில் சேர்ந்தால் அங்கேயே கிடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விடுவதற்கு முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்று மட்டும் சேரும்போதே பார்த்துவிட வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன்

இவ்வளவு கணக்கும் சொக்சோ பணம் கிடைத்தவருக்குத்தான். கிடைக்காமலே போகிறவர்களும் இருக்கிறார்கள், அதற்குப் பெரும்பாலும் ஒரு தாளே காரணம். ஆட்குறைப்பு, விருப்ப விலகல் திட்டம், நிறுவனம் மூடப்படுதல் போன்றவற்றால் வேலை போனால் அலவன்ஸ் உண்டு. தானாக விலகியவருக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்தவருக்கும், ஒழுங்கு மீறலுக்காக நீக்கப்பட்டவருக்கும் இல்லை. ஆள் குறைக்கும் முதலாளி, “சும்மா ஒரு ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, அடுத்த இடத்துல நல்ல பேரு இருக்கும்” என்று சொன்னால், அதில் கையெழுத்திடுபவர் அலவன்ஸை மட்டும் இழப்பதில்லை. ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடும் உண்டு: இரண்டாண்டுக்கு உட்பட்ட சேவையென்றால் ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம், ஐந்தாண்டுக்கு உட்பட்டதென்றால் பதினைந்து நாள், அதற்கு மேல் இருபது நாள். எட்டு ஆண்டு வேலை செய்தவருக்கு அது 160 நாள் சம்பளம்.

கட்டாயப்படுத்தி எழுதி வாங்கினார்கள் என்றால் தொழிலுறவு இலாகாவில் முறையிடலாம். அதற்கு அவகாசம் 60 நாள். வேலை தேடும் அலவன்ஸுக்கு விண்ணப்பிக்கவும் அதே 60 நாள்தான். இணையம் வழியாகவே செய்யலாம், மலை இறங்க வேண்டியதில்லை. இரண்டு கெடுவும் வேலை போன நாளிலிருந்து ஓடுகின்றன. கடைசிச் சம்பளம் எப்போது கைக்கு வந்தது என்று பார்ப்பதில்லை. வேலை நீக்கக் கடிதத்தில் உள்ள தேதியை முதலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.